எங்கள் நடுவில் நின்ற பிள்ளைக்கு

பிள்ளை, இதைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரித்துவிடாதே. மற்ற ரீச்சர்மார் கலியாணச் சேலைக் கதையாக்கும் என்று எட்டிப் பார்ப்பார்கள். நீ தங்கியிருக்கிற வீட்டுக்குக் கொண்டுபோய், முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, ஆறுதலாக இருந்து வாசி. நாங்கள் சுகம். சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, நாம்பன்தான். பெட்டைக் கன்று வரும் என்று அடித்துச் சொன்ன அம்மா முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிறாள். உன் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் கடிதத்துக்கு முறை. ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு உன் நலத்தை அறிய ஆறு வருசம் எடுத்த தகப்பன் நான். அந்த வசனத்தை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீ மல்லாவியிலிருந்து போட்ட கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. கூறைச் சேலையின் நிறம், மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து போனது, உன் வகுப்புப் பிள்ளைகள் நீ விட்டுவிட்டுப் போகப்போகிறாய் என்று மூக்கைச் சிந்தியது எல்லாம் எழுதியிருந்தாய். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு இடம் வந்தது. "அவையின்ர வீட்டில மாமாவும் இவரின்ர அண்ணரும் கோவம், அப்பா. ரெண்டு வருசமாக் கதையில்லையாம். நான் போய் ரெண்டு பக்கமும் கதைச்சுச் சரிப்பண்ணிப்போடுவன். எனக்கு அது புதுசில்லைத்தானே." நீ சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பாய். ஆனால் அம்மாவின் கையில் சுளகு அப்படியே நின்றுவிட்டது. "அவளுக்கு எழுதுங்கோ," என்றாள். "இவ்வளவு நாளும் சொல்லாமல் விட்டதெல்லாத்தையும் எழுதுங்கோ." மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து இருந்துவிட்டேன். இது நீளும், பொறுத்துக்கொள்.

எங்கள் ஆட்களின் கோபம் உனக்குத் தெரியும். அடிக்கமாட்டோம், மண்டையை உடைக்கமாட்டோம், கதையை நிறுத்திவிடுவோம். ஊரில் என் சித்தப்பாவும் பெரியப்பாவும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி ஒரே ஒழுங்கையால் நடந்து கிழவர்களானார்கள். ஒருவரோடொருவர் ஒரு சொல் பேசியதில்லை. என்ன காரணம் என்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு காரணம் சொன்னார்கள். வன்னியில் காணி கிடைத்து வந்தபோது மண்வெட்டியோடும் கடகத்தோடும் அந்தப் பழக்கத்தையும் நாங்கள் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். மற்றவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடுதான் கோபம் வைத்திருப்பார்கள். நானும் அம்மாவும் அதை ஒரே கூரைக்குள், ஒரே அடுப்பில் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, ஆறு வருசம் நடத்திக் காட்டினோம். இதற்கு ஒரு பரிசு வைத்திருந்தால் எங்களைத்தான் மேடைக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

அது தொடங்கிய நாளை நீ மறந்திருக்கமாட்டாய். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சிறுபோகம். குளத்தில் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் ஆளுக்கு ஒரு முறை என்று பிரித்து விட்டார்கள். முறையைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் பயிர் கருகிவிடும். என் முறை விழுந்த நாளில்தான் ஊரிலிருந்து ஒருவர் பஸ்ஸால் இறங்கி வந்து, அம்மப்பாவுக்குக் கடுமை, மகளைக் கேட்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா பையைக் கட்டிவிட்டு உன்னை வயலுக்கு அனுப்பினாள். உனக்குப் பத்து வயது. மூச்சு வாங்க வரம்பில் ஓடி வந்து, "அப்பா, அம்மப்பாவுக்கு ஏலாதாம், அம்மா உங்களை உடனை வரட்டாம்," என்றாய்.

நான் முழங்காலளவு சேற்றில் நின்றேன். மேல் காணிக்காரன் என் தண்ணீரை மறிக்கப் பார்க்கிறான் என்று அவனோடு ஏற்கெனவே வாய்த்தர்க்கம். என் வாயிலிருந்து வந்ததை இப்போதும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். "அவவின்ர கொப்பருக்கு மாசத்துக்கு ஒருக்கா இழுக்கும். எனக்குத் தண்ணி இண்டைக்கு மட்டுந்தான். பக்கத்துக் காணி லெட்சுமி அக்காவைக் கூட்டிக்கொண்டு மத்தியான பஸ்சில போகச் சொல்லு. நான் விடிய வாறன்." முன்பும் இரண்டு தரம் இப்படி ஆள் வந்து, நாங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு போக, கிழவர் எழுந்திருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடுப்பு எனக்கு. நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு திரும்பி ஓடினாய்.

பொழுதுபட நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா கையில் பையோடு வாசல் படலையில் நின்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ போகேல்லையோ?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிள்ளை, அதை எழுத எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். நீ படலைக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாய். நித்திரை தூங்குகிறாய் என்று நினைத்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். விடிய முதல் பஸ்ஸில் போய் இறங்கும்போதே ஒழுங்கையில் பறை கேட்டது. முதல் நாள் விளக்கு வைத்த பிறகும் அம்மப்பா நினைவோடு இருந்து, பிள்ளை வந்துவிட்டதோ, பிள்ளை வந்துவிட்டதோ என்று கேட்டுக்கேட்டுத்தான் போனாராம். மத்தியான பஸ்ஸில் போயிருந்தால் அம்மா அவரைக் கண்டிருப்பாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து திரும்பி வந்த அன்று அம்மா குசினியிலிருந்து சொன்னாள்: "பிள்ளை, கொப்பரைச் சாப்பிட வரச் சொல்லு." நான் முற்றத்தில்தான் நின்றேன், எனக்கு நன்றாகக் கேட்டது. நானும் விடவில்லை. "பசியில்லை எண்டு சொல்லு," என்றேன். அவ்வளவுதான். அன்று முதல் நீதான் எங்களுக்கு நடுவில்.

என் மனத்தில் இருந்தது இதுதான்: போகச் சொல்லி நான் தெளிவாகச் சொல்லி அனுப்பினேன், நான் கூட வரவில்லை என்ற வீம்பில் அவள் போகாமல் நின்றுவிட்டு, இப்போது பழியை என் தலையில் போடுகிறாள். அம்மாவின் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

பிறகு எல்லாம் உன்னால்தான் ஓடியது. எண்ணெய் முடிந்தது, உரம் வந்தது, மாட்டைக் காணவில்லை, கோயிலுக்குப் போகவேண்டும், எல்லாம் நீ குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்துதான் எங்களுக்குத் தெரியவரும். வயலுக்குச் சாப்பாடு கொண்டு வருவாய். "அம்மா வரம்பு வழுக்குமாம், கவனமா வரட்டாம்," என்பாய். நான் பதில் சொல்லமாட்டேன். ஆனால் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்துத்தான் நடப்பேன். நீ வெறும் சட்டியோடு திரும்பிப் போய் அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஊரில் உன்னை மெச்சாதவர் இல்லை. வாய் துறுதுறுத்த பிள்ளை, யாரோடும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, தாயையும் தகப்பனையும் கட்டியாளுகிற பிள்ளை. நானும் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நீ பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அந்தத் துறுதுறுப்பு நின்றது. ஒரே நாளில் இல்லை. முதலில் சிரிப்புக் குறைந்தது. பிறகு பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றாமலே படுத்துவிடுவாய். சீப்பெடுத்துத் தலை இழுக்கமாட்டாய், சோறு முன்னால் இருக்கும், கை போகாது. கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் திரும்பவே இல்லை. நான் சோம்பல் என்றேன். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றேன். ஒருநாள் உன் கட்டிலடியில் நின்று கத்தினேன், உனக்கு நினைவிருக்கும். நீ கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாய். அம்மா கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டாள், கோயிலில் நூல் கட்டினாள். நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வைத்தியம் செய்தோம், ஒருவர் செய்ததை மற்றவர் கேட்கவில்லை. வீட்டில் சட்டி பானைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

பக்கத்துக் காணி லெட்சுமி அக்காதான் அதை வாய்விட்டுச் சொன்னது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடிபட்டு, இரண்டு பெட்டியோடு வந்து, காட்டை வெட்டிக் குடியிருந்த மனிசி. கஞ்சி கொண்டு வந்து உன் தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க அண்ணே. ஒங்க வீட்ல அந்தப் புள்ள ஒண்ணுதான் பேசிக்கிட்டிருந்துச்சு. இப்ப அதுவும் நின்னுபோச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க." எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடுத்த வீட்டு விசயத்தில் இவவுக்கு என்ன என்று நினைத்தேன். ஆனால் விடிய வான் பிடித்தேன்.

வவுனியாவுக்குப் போகிற வழியில் நீ அம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தாய். ஆஸ்பத்திரியில் உனக்குச் சேலைன் ஏற்றிவிட்டு, டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். வயது குறைந்த மனிசன், நித்திரை முழித்த கண். "எப்ப தொடக்கம் பிள்ளை சாப்பிடேல்லை?" என்று கேட்டார். அம்மா அவரைப் பார்த்து, "அவரும் வீட்டிலதான் இருந்தவர், அவரிட்டைக் கேளுங்கோ," என்றாள். நான் அவரைப் பார்த்து, "தாய்க்குத்தான் தெரியும் எண்டு சொல்லுங்கோ, ஐயா," என்றேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லையோ?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தோம். "அப்ப வீட்டில ஆர் கதைக்கிறது?" என்றார். அம்மாதான் மெல்லச் சொன்னாள்: "பிள்ளைதான்."

அவர் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன், என் குணம் தெரியும்தானே. "வெளியில ஒரு வாங்கு இருக்கு," என்றார். "போய் இருந்து கதைச்சுப்போட்டு வாங்கோ. நான் பின்னேரம் வரைக்கும் நிப்பன். இஞ்சை நான் தூது போக மாட்டன்."

வேப்பமரத்துக்குக் கீழே அந்த வாங்கில் ஒரு அந்தத்தில் நானும் மற்ற அந்தத்தில் அம்மாவும் இருந்தோம். நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம். ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா, "இஞ்சாருங்கோ," என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு ஆறு வருசம். "இஞ்சாருங்கோ, பிள்ளை எங்களை விட்டிட்டுப் போயிடுமோ?"

"இல்லை," என்றேன். வேறு என்ன சொல்ல. "அப்பிடி விடமாட்டம்." பிறகு அம்மா அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "என்னில உங்களுக்கு எவ்வளவு கோவம் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் ஒவ்வொரு நாளும் வயலுக்கு வந்த சாப்பாடு நல்லா இருந்தது, சொதி நல்லா இருந்தது எண்டு பிள்ளையிட்டைச் சொல்லி அனுப்பினீங்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் இந்த வீட்டில இருந்தனான்."

"நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே," என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கேட்டேன்: "வரம்பு வழுக்கும், கவனமா வா எண்டு நீ சொல்லி அனுப்பினது?" "நானோ?" என்றாள். "மழைக்குள்ள நனையவேண்டாம் எண்டு?" "இல்லை." "எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது, மல்லித்தண்ணி சூடாக் குடிக்கட்டாம் எண்டு?" "மல்லித்தண்ணி அவிச்சனான்," என்றாள் அம்மா. "அதைக் கொண்டுபோய் வை எண்டுதான் சொன்னனான்." இப்படி ஒவ்வொன்றாக எடுத்தோம். உரப்பையை நான் தூக்கவேண்டாம், ஆள் பிடிக்கட்டாம். அம்மாவின் புதுச் சேலை நல்லாயிருக்காம். தைப்பொங்கலுக்கு அப்பாதான் கோலம் போடச் சொன்னவராம். ஒன்றும் அவள் சொன்னதில்லை, ஒன்றும் நான் சொன்னதில்லை. எல்லாம் குசினிக்கும் முற்றத்துக்கும் இடையில் நீ நடந்த அந்த நாலு எட்டுக்குள் நீ உண்டாக்கியது. பிள்ளை, நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உறுமியதையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே அன்பாக மாற்றிக் கொடுத்தாயே, அந்தச் சின்ன நெஞ்சுக்குள் எவ்வளவு இடம் இருந்தது? ஆறு வருசமும் நான் குடித்தனம் நடத்தியது என் பெண்சாதியோடு இல்லை, நீ எனக்குச் செய்து தந்த பெண்சாதியோடு.

நாங்கள் சிரிக்கத் தொடங்கியிருந்தோம் என்று நினைக்கிறேன், அழுகையும் சிரிப்புமாக. திடீரென்று அம்மாவின் முகம் மாறியது. "அப்ப அண்டைக்கு?" என்றாள். "அப்பாவுக்குக் கடுமை எண்டு ஆள் வந்த அண்டைக்கு, இப்ப வாறன், நில் எண்டு நீங்கள் சொல்லி அனுப்பேல்லையோ?"

நான் அன்று வயலில் சொன்னதை அவளுக்கு அப்படியே சொன்னேன். மாசத்துக்கு ஒருக்கா இழுக்கும் என்றதையும் சொன்னேன். ஒளித்து என்ன. அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தச் சொல்லைப் பிள்ளை என்னட்டைக் கொண்டு வரேல்லை. நான் அழுதுகொண்டு நிக்கிறன். பத்து வயசுப் பிள்ளைக்கு அதை என்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல மனம் வரேல்லை." பிறகுதான் அவளுக்கு மற்றது விளங்கியது, எனக்கும் விளங்கியது. நாங்கள் கதைக்காமல் விட்டதற்குக் காரணம் தான்தான் என்று நீ நினைத்திருக்கிறாய். அம்மா தன் தகப்பனைக் கடைசியாகக் காண முடியாமல் போனதும் உன்னால்தான் என்று நினைத்திருக்கிறாய். அன்று படலைக் கம்பைக் கட்டிப்பிடித்து நின்றவள் நித்திரை தூங்கவில்லை. அன்று தொடங்கி, உடைந்ததை ஒட்டவேண்டும் என்று ஒரு நாள் ஓயாமல் எங்களுக்கு நல்ல சொல் செய்துகொண்டிருந்திருக்கிறாய். களைத்துப்போய் விழுந்த பிள்ளையைத்தான் நான் சோம்பேறி என்று கத்தினேன்.

டொக்டரிடம் திரும்பிப் போய் எல்லாம் சொன்னோம். இது மனச்சோர்வு, நோய்தான், சோம்பலுமில்லை பேயுமில்லை என்றார். முழுவதும் எங்களால் வந்தது என்று அவர் சொல்லவில்லை. உடம்புக்கும் அதில் பங்குண்டு, வயதுக்கும் பங்குண்டு, எவ்வளவோ நல்ல வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும் என்றார். "ஆனால் வீட்டில எல்லாற்றை மனத்தையும் ஒரு பிள்ளை பாத்துக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளையின்ர மனத்தை ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். விழுங்கக் குளிசை தந்தார். எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லவில்லை. அன்று நடந்ததை உன்னிடம் கேட்போமா என்று நான் கேட்டதற்கு அம்மாதான் வேண்டாம் என்றாள். இப்போது கேட்டால் பிள்ளை உடைந்துபோகும், தானாகச் சொல்லட்டும் என்றாள். நீ இன்றுவரை சொல்லவில்லை. நாங்களும் ஒரு பயத்தில் அப்படியே விட்டுவிட்டோம்.

வீட்டுக்கு வந்து நாங்கள் கதைக்கப் பழகிய கதையை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. நீ அறைக்குள் படுத்திருப்பாய். நாங்கள் வெளியே இருந்து, உனக்குக் கேட்கவேண்டும் என்று, "இண்டைக்கு வெய்யில் கூட," "ஓம், கூடத்தான்," என்று நாடகக்காரர் மாதிரிக் கதைத்தோம். சொதி நல்லாயிருக்கு என்று நான் சொன்னேன், இந்தமுறை என் வாயால். அம்மா வரம்பு வழுக்கும் என்றாள், அவள் வாயால். நீ செய்து வைத்திருந்த சொற்களைத்தான் எடுத்துப் பாவித்தோம், எங்களிடம் வேறு இருக்கவில்லை. முதலில் நாலு நாள் நீ அசையவில்லை. குளிசை போட்டாய், கஞ்சி கொஞ்சம் குடித்தாய், சுவரைப் பார்த்தாய். நான் பயந்துகொண்டே இருந்தேன். பிறகு ஒருநாள் உன் தலை எங்கள் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு மாதம் கழித்து எங்களுக்குச் சண்டை வந்தது. நாடகமில்லை, உண்மைச் சண்டை. ஆடு மிளகாய்க் கன்றைத் தின்றுவிட்டது. படலையைச் சாத்தாமல் விட்டது யார் என்று இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். கத்திக்கொண்டே வந்த அம்மா, பழைய பழக்கத்தில், அறைப் பக்கம் திரும்பி, "பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு," என்று தொடங்கிவிட்டாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து உன் குரல் வந்தது, எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த குரல், கரகரத்த குரல்: "நீங்களே சொல்லுங்கோ, அம்மா. நான் வரேல்லை."

அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஒரு பிள்ளை வரமாட்டேன் என்று சொன்னதற்காக எந்தத் தகப்பன் அப்படிச் சந்தோசப்பட்டான் என்று எனக்குத் தெரியாது. அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகும் நீ படுத்த நாட்கள் இருந்தன, பரீட்சையை அடுத்த வருசம்தான் எழுதினாய், யுத்தத்தில் பாதை பூட்டி, மருந்துக்கு வவுனியா போகமுடியாமல் மறிபட்டு நின்ற நாட்களும் இருந்தன. இப்போதும் உன் கடிதத்தில் எழுத்துச் சிறுத்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அந்தக் குரலைக் கேட்ட நாளில் நீ திரும்பி வருகிறாய் என்று எனக்குத் தெரிந்தது.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். பிள்ளை, அந்த வீட்டில் தகப்பனும் மகனும் கோபமாக இருந்தால் இருக்கட்டும். அவர்களுக்கு வாய் இருக்கிறது. நீ இரண்டு பேருக்கும் சோறு போடு, இரண்டு பேரோடும் சிரி. ஆனால் ஒருவருடைய சொல்லை மற்றவரிடம் கொண்டு போகாதே. கேட்டால், நீங்களே சொல்லுங்கோ என்று சொல். அது உனக்குத் தெரிந்த வசனம்தான். உனக்கென்று பிள்ளைகள் பிறந்தால், நீயும் அவரும் எவ்வளவு வேண்டுமென்றாலும் சண்டை பிடியுங்கள், ஆனால் கதையை நிறுத்தாதீர்கள். அந்தப் பழைய களைப்பு எப்போதாவது வந்து உன்னைச் சுவர்ப் பக்கம் திருப்பினால், அவரிடம் சொல்லு, எங்களிடம் சொல்லு, டொக்டரிடம் போ. எங்களுக்குப் பாரமாக இருக்கும் என்று நல்ல சொல் செய்து அனுப்பாதே. உன் கடிதங்களில் 'நான் நல்ல சுகம்' என்று வரும்போதெல்லாம் இது உண்மையோ, இல்லை பிள்ளை செய்த சொல்லோ என்று நான் இரண்டு தரம் வாசிக்கிறேன்.

இன்னுமொன்று. ஒவ்வொரு வருசமும் ஆடி மாதத்தில் அம்மப்பாவின் திவசத்துக்கு நீ வீட்டுக்கு வருவாய். அம்மாவோடு சேர்ந்து சமைப்பாய், படைப்பாய், எல்லோருக்கும் பரிமாறுவாய். உனக்கு மட்டும் அன்று வயிறு சரியில்லை. முதல் திவசம் தொடங்கிப் போன வருசம்வரை, அந்த ஒரு நாளில் மட்டும் வயிறு சரியில்லை. நாங்கள் கவனிக்கவில்லை என்று நினைத்தாயோ? எங்களுக்கு எல்லாம் தெரியும், பிள்ளை. அன்று வரம்பில் நீ ஓடிய ஓட்டமும் தெரியும், எந்தச் சொல்லை வழியில் போட்டுவிட்டுப் போனாய் என்பதும் தெரியும். போடவேண்டிய சொல்தான் அது. என்னுடையது, உன்னுடையது இல்லை.

இதை எழுதி முடிக்கும்வரை அம்மா பக்கத்திலேயே இருந்தாள். கடைசியில், அம்மப்பாவின் பேரைச் சொல்லி, உனக்கென்று ஒரு வசனம் சொன்னாள். "இதையும் எழுதிவிடுங்கோ," என்றாள். நான் பேனையை மூடிவிட்டேன். "நான் எழுத மாட்டன். நீயே போய்ச் சொல்லு," என்றேன். என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு எழுந்து போய், சோற்றுப் பெட்டியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

வருகிற சனிக்கிழமை திவசம். இந்தமுறை நீ வரவேண்டாம். காலையில் படைத்துவிட்டு, படைத்த சோற்றையும் சொதியையும் கட்டிக்கொண்டு அம்மா மல்லாவிக்கு வருகிறாள். பஸ் ஓடினால் பஸ்ஸில், ஓடாவிட்டால் என் சைக்கிள் கரியரில். அவள் சொல்ல வந்ததை அவள் வாயாலே கேள். கேட்டுவிட்டு, அவளுக்கு முன்னால் இருந்து சாப்பிடு.

அப்பா